ரசீது

ரப்பீஸ் அடிக்கிற வண்டி என்னுடையது.
வண்ணார்பேட்டையில் லாட்ஜை இடித்தாலும்
பாளையில் யார் வீட்டு மாடிப்படி திசை மாறினாலும்
எனக்குத்தான் போன் வரும்.
எங்கே கொட்டுவாய் என்று
பதினோரு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை.
கேட்காமலிருக்கத்தான் கூலி.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்லைட்டை அணைத்து
உடையான்குளத்துக் கரையில் டிப்பரைத் தூக்குவேன்.
சுவர், சன்னல் திண்டு, பூப்போட்ட தரை
எல்லாம் ஒரே சத்தமாய் இறங்கும்.
தவளைகள் கொஞ்சநேரம் நிறுத்தும்.
பிறகு தொடரும்.
அவற்றுக்கும் பழகிவிட்டது.

பெருமணலுக்கு லோடு என்று கூப்பிட்டபோது
டீசல் கணக்குத்தான் முதலில் போட்டேன்.
நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம்,
அப்புறம் காற்றாடிகள், காற்றாடிகள்,
அதற்கப்புறம் திடீரென்று கடல்.

தார்ப்பாயை அவிழ்க்குமுன்
டயரில் கால் வைத்து ஒரு பெண் ஏறி நின்றாள்.
மீனவர் சங்கத்துக் கணக்கு, கித்தேரி.
கையில் சுத்தியல், காதில் பேனா.
"இந்தப் பச்சைப் பெயிண்டு ஆவாது.
இது அஸ்பெஸ்டாஸ், தொடவே தொடாதிய.
வயரு, பைப்பு, தெர்மாக்கோலு எல்லாம் பொறக்கிருங்க.
மீனு குடியிருக்கப்போற வீடு அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது.
மனுஷன் குடியிருக்கும் வீட்டையே
இத்தனை பார்த்துக் கட்டியவர்களை நான் கண்டதில்லை.
கட்டியிருந்தால்
எனக்கு ஏது இத்தனை லோடு?

பாதியைத் தள்ளிவிட்டு மீதிக்கு ரசீது கொடுத்தாள்.
ரப்பீஸுக்கு ரசீது.
'கான்கிரீட் உடைசல், சுத்தம், இரண்டரை டன்.'
வீட்டுக்குப் போய்ப்
படுக்குமுன் மறுபடி எடுத்துப் படித்தேன்,
சுத்தம் என்ற சொல்லை மட்டும்.

மிஷினில் நொறுக்கிச் சிமெண்டோடு கலந்து
அச்சில் வார்த்தார்கள்.
முக்கோணம், வளையம்,
தலை நுழையும் அளவுக்கு அங்கங்கே ஓட்டை.
இருபத்தெட்டு நாள்
ஈரச்சாக்கு போர்த்தி, தொட்டுத் தொட்டுப் பார்த்து,
காய்ச்சல்காரனைக் கவனிப்பதுபோல.

வள்ளக்காரர் வலேரியன் சொன்னார்:
"ஊருக்குப் பேரே பெருமணல்.
கடலுக்கடியிலயும் அதுதாம்.
விசைப்படகுக்காரன் மடிய இழுத்து வழிச்ச பொறவு
மீனு ஒதுங்க ஒரு கல்லு கிடையாது.
இனி இழுக்கட்டும், மடி கிழியும்."
கடைசி வரியை அவர்
நாக்கில் வைத்து ருசித்தார்.

இறக்குகிற அன்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.
ஆறு பாகம் தாண்டுமுன்
காலையில் தின்ற நாலு இட்லியும் கடலுக்குப் போனது.
"மொதத் தீனி நீருதாம் போட்டீரு வே."
மாதா கோயில் உச்சியையும்
மூன்றாவது காற்றாடியையும் கண்ணால் கோத்து
வலேரியன் கணியம் பிடித்தார்.
"இங்கன."
சங்கிலி கழன்றது.

நான் காதைத் தீட்டிக் காத்திருந்த சத்தம் வரவில்லை.
கொஞ்சம் குமிழி.
தண்ணீர் தன்னை மூடிக்கொண்டது.

அடுத்த பங்குனியில் முங்குகிற பையன் ஃபெர்மின்
போனில் படம் காட்டினான்.
மூலையெல்லாம் கொட்டலசு.
வளையத்துக்குள் கணவாய் முட்டை,
கறுப்புத் திராட்சைக் குலையாய் ஆடுகிறது.
ஓட்டைவாசலை அடைத்துக்கொண்டு ஒரு களவா,
வாடகை பாக்கி வைத்தவன் முகம் அதற்கு.
ஓர் இடத்தில், கான்கிரீட்டுக்குள்,
சிவப்பாய் ஏதோ தெரிந்தது.
லாட்ஜின் ரெட் ஆக்ஸைடு தரையா?
சரியாகப் பார்க்குமுன்
காமிரா நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு ரசீது வாங்கியும்
வண்டியை எடுக்காமல் நின்றேன்.
"கொளத்துக்குள்ள கிடக்கதையும் எடுத்துக்கிடுவியளா?"
"எந்தக் கொளம்?"
அந்தப் பெயரைப் பகலில் சொல்வது
அதுதான் முதல்தடவை.

கித்தேரி திட்டுவாள் என்று நினைத்தேன்.
காதிலிருந்து பேனாவை எடுத்தாள்.
"எத்தன லோடு?"

ரசீதுப் புத்தகத்தில்
இன்னும் எத்தனை தாள் இருக்கிறதென்று
எட்டிப் பார்த்தேன்.