பதினேழாவது கட்டம்

உறவினர் அல்லாத,
உங்களை நன்கு அறிந்த இருவரின்
பெயர், பதவி, கைபேசி எண்.

மடிவாளா பி.ஜி.யில்
மூன்றாம் படிக்கட்டு வரைதான் வைஃபை எட்டும்.
அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
சார்ஜ் பதினொரு சதவீதம்.

பழைய மேனேஜர் வேண்டாம்.
யாழ்மொழியை யால்மோலி என்றே
கடைசி நாள்வரை கூப்பிட்டவர்.
பேராசிரியரின் எண் உபயோகத்தில் இல்லை.

நன்கு அறிந்தவர் என்றால்
கீழே இஸ்திரி வண்டி மஞ்சப்பாதான்.
என்னிடம் இருப்பது ஒரே ஃபார்மல் சட்டை என்று
இந்த ஊரில் அவருக்கு மட்டும் தெரியும்.
நேர்காணல் நாளில்
காலரை இன்னொருமுறை அழுத்தித் தேய்ப்பார்,
திரும்பி வரும்போது
என்ன ஆச்சு என்று கேட்கவே மாட்டார்.

'துணிப் பராமரிப்பு ஆலோசகர்'
தட்டிவிட்டுச் சிரித்தேன். அழித்தேன்.
இஸ்திரிக்காரர் என்றே போட்டேன்.

எண் வாங்க இறங்கிப் போனால்
கரியை விசிறிக்கொண்டே கேட்கிறார்:
"எந்த பாஷையில பேசுவாங்க?
கன்னடம்னா நிறைய சொல்வேன்.
இங்கிலீஷ்னா
'குட் கேர்ள்' மட்டும்தான் வரும், போதுமா?"

போதும் என்றேன்.

இன்னும் ஒருவர் வேண்டும்.
சார்ஜ் ஆறு சதவீதம்.