பதினொரு பேர்

வெலிங்டன் ஆஸ்பத்திரியின் நீலச் சட்டையில்
தண்டவாளக் கட்டைகளை எண்ணிக்கொண்டே
குன்னூர் ஷெட்டுக்கு நடந்து வந்தான்.
என்ஜின் முன்னால் நின்றான்.
கண்ணை மூடி, காதை மட்டும் கொடுத்தான்.
ஒரு காதுதான். மற்றதிலிருந்து தோள்வரை
அவித்த சேப்பங்கிழங்குத் தோல்.

நூற்றெழுபதா? விரல்களை மடக்கிக் கேட்டான்.
கேஜைப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு.
அதற்கப்புறம் எங்களுக்குள்
பெரிதாகப் பாஷை தேவைப்படவில்லை.

பேர் ஆர்லோ. சொந்த ஊர்
கடல் வாடையே படாத சோளச்சீமை.
கப்பலின் பேரைக் கேட்டால்
உதட்டில் விரல். யுத்த உத்தரவு.
டெஸ்ட்ராயர், அவ்வளவுதான்.
அமெரிக்காக்காரன், திருகோணமலையில் இறக்கி
இங்கே ஆறப்போட்டிருக்கிறார்கள்.

அவனும் ஃபயர்மேனாம், என்னைப்போல.
ஆனால் கரி கிடையாது, எண்ணெய்.
என் மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்,
ஒரு வீச்சு வீசினான், பாதிக்கரி
மரியசூசை டிரைவர் காலில்.
நீர்மட்டத்துக்குக் கீழே பதினாறு மாதம்.
கடலை அவன் பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம்:
இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம்
உரசிக்கொண்டே போகும் ஒரு மாடு.

உப்புத் தண்ணீர் பாய்லருக்கு விஷம்.
காய்ச்சி வடித்ததைப் பாய்லர் முதலில் குடிக்கும்,
மிச்சம்தான் மாலுமிக்கு.
நனைய ஒரு நிமிஷம். குழாயை மூடு. சோப்பு.
அலச ஒரு நிமிஷம். மூடு.
இதை அவன் ஆடியே காட்டினான்.
நான் ஒன்றும் சொல்லாமல்
தண்ணீர்த்தூணின் தோல்குழாயை இழுத்து
அவன் தலைக்கு மேலே திறந்துவிட்டேன்.
மார்கழி. மலைத் தண்ணீர்.
நீலச் சட்டையோடு நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.
"டேய், டாங்கிக்கு வேணும்டா!"
மரியசூசை கத்தினார்.
நான் மூடவில்லை.

மூடுவதைப் பற்றி ஒருநாள் காட்டினான்.
வாயால் அல்ல, கையால்.
ஏணி ஏறி மேலே வருகிறான், காப்பிக்கு.
கீழே வெடிக்கிறது.
தளத்தில் ஒரு இரும்பு மூடி, அதில் ஒரு சக்கரம்.
யாரோ உத்தரவு போடுகிறார்கள்.
ஆவி அவன் காதைத் தின்னத் தின்ன
வலப்பக்கம் திருகுகிறான். இன்னும் திருகுகிறான்.
காற்றில் அந்தக் கை நிற்க
ரொம்ப நேரம் ஆனது.

தை பிறந்து ஒரு வாரம், கூட்டிப்போய்விட்டார்கள்.
சொல்லிக்கொள்ள வந்தானாம், நான் லைனில் இருந்தேன்.
ஷெட் மேஸ்திரி
செந்தூர பெயிண்ட் டப்பா காணோம் என்று
எல்லார் அம்மாவையும் இழுத்துத் திட்டினான்.

மறுநாள் ஏற்றத்தில், ஹில்குரோவ் தாண்டி,
கரித்தொட்டியின் உள்சுவரில்
சிவப்பாக ஏதோ.
ரன்னிமேட்டில் ஐந்து வரி.
காட்டேரி வருவதற்குள் தொட்டி காலி, எழுத்து முழுசாக.
மரியசூசை தொப்பியைக் கழற்றினார்.
ஹெட்லண்ட், ப்ரூயிட், மசூக்கா,
பூசை மாதிரி மெதுவாக வாசித்தார்.
பதினொரு பேர்.
கப்பல் பேர் உண்டா என்றேன்.
தலையாட்டினார், இல்லை.

மேட்டுப்பாளையத்தில் கரி கொட்டினால் முங்குவார்கள்.
அடர்லிவரை இருட்டு.
ஹில்குரோவில் ஒருத்தன் தலை தூக்குவான்.
தினம் இப்படி.
நெருப்புக்குப் போட நான் அள்ள அள்ள
அவர்கள் மேலே வந்தார்கள்,
அள்ளிய மண்வெட்டியே அவர்களைச் சுரண்டியது.
வேறு எப்படி அள்ளுவது?
முதலில் போனவன் ப்ரூயிட்.
யுத்தம் முடிந்த சேதி வந்தபோது நான்கு வரி.
கொடி மாறிய வருஷம் ஒன்று.

அது அடி மூலையில், மண்வெட்டி திரும்பாத இடம்.
எம் என்ற எழுத்தில் தொடங்குகிறது.
அங்கே எப்போதும் இரண்டு கட்டி தங்கிவிடும்.
ஆவி இறங்கினாலும், டிரைவர் வைதாலும்
அதைக் கையால்தான் எடுப்பேன்.
கரி சுடாது, தெரியும்.
இருந்தும் ஒவ்வொரு தடவையும்
எடுத்ததும் கையை உதறுகிறேன்.