கழிவு என்றொரு பத்தி

புதன்கிழமைக் கூட்டத்துக்கு
ஒரே பக்கத்தில் குறிப்பு வேண்டும் என்றார் ஆணையர்.
சொட்டு மருந்தா, சாக்கடையா,
எதில் போட்டால் ரூபாய் நன்றாக உழைக்கும்?

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, லாரிகளின் பெயர்ப்பலகை
தமிழிலிருந்து தெலுங்குக்கு கியர் மாற்றும் இடத்தில்
எங்கள் காலனி.
தெரு முடிந்தால் ஒரு சிறுபாலம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆந்திரா:
நாலைந்து வீடு, பெஞ்சலய்யாவின் கழனி.

மருந்துக்குக் கணக்கு சுலபம்.
குழந்தை இத்தனை, குப்பி இத்தனை, வகுத்தால்
தலைக்கு ஒரு முட்டை பரோட்டா விலை.
சாக்கடை தலைக்கு வகுபடாது.
பதினேழு லட்சம், அறுநூறு மீட்டர், ரத்தான இரண்டு டெண்டர்,
அதற்கப்புறம்
தண்ணீர் எங்கே போய் விழும் என்ற கேள்வி.
"மா பொலம்லோகி ஒத்து" என்றார் பெஞ்சலய்யா.
எனக்கு விளங்காமல் போகுமோ என்று தமிழிலும் ஒரு தடவை,
"எங்க நிலத்துல வேணாம் சார்."
அவர் மாநிலத்துக்குக் கடிதம் எழுதி
இரண்டு மழை போய்விட்டது.

இருட்டும்வரை தண்ணீரே குடிக்காமல்
செங்கல் சுமக்கிறாளே ரமணம்மா,
அவள் தாகத்தை எந்தத் தலைப்பில் எழுத?
போன ஆடியில் வயிற்றுப்போக்கு.
பொன்னேரிக்குப் போன ஆட்டோவுக்கு மூன்று ரசீது இருக்கிறது.
திரும்பி வந்ததற்கு இரண்டுதான்.

பெருக்கினேன், கழித்தேன்.
துடைப்பமும் கக்கூசும் செய்கிற வேலைக்கு
நான் கால்குலேட்டர் தட்டிக்கொண்டிருந்தேன்.

செவிலியர் தபித்தாளின் பதிவேட்டில்
ஒவ்வொரு மாதமும் ஒரே எழுத்து:
திறந்த குப்பியில் பத்து,
கொடுத்தது ஆறு,
கழிவு நான்கு.
நாலு மணி நேரத்தில் தீராவிட்டால் கொட்டிவிட வேண்டிய மருந்து.
கொட்டுவதில்லை அவள்.
நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
பாலத்தைக் கடக்கிறாள்.
நம் மாநிலத்தின் கழிவு
அங்கே நாலு நாக்கில் இனிக்கிறது.
தெரிந்தேதான் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறேன்
பதினோரு மாதமாக.

இன்று கூடவே போனேன்.
ரமணம்மாவின் மூன்று மாதக் குழந்தை
மருந்தைச் சப்புக்கொட்டியது.
அண்ணன்காரன் இந்தப் பக்கத்துச் சாக்கடையில்
ஒற்றைச் செருப்பைக் கப்பலாக விட்டுவிட்டு
அந்தப் பக்கம் ஓடிக் காத்திருந்தான்.
வரவில்லை.
குனிந்து முழங்கைவரை விட்டுத் துழாவினான்,
எடுத்தான், சட்டையில் துடைத்தான்.
வந்து, அதே விரலால்
தங்கையின் கீழுதட்டில் மிச்சமிருந்த சொட்டை
உள்ளே தள்ளிவிட்டான்,
வீணாகக் கூடாது என்று.

தபித்தாள் ஒன்றும் சொல்லவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு என்னைப் பார்த்து,
"சார், சோப்பு இருக்கா?"

பையைத் திறந்தேன்.
பேனா. முத்திரை. அளவு நாடா.
தேதி மட்டும் போட்ட
ஒரு பக்கம்.