சாக்கு

கடலூர் முதுநகர் துறைமுகம், காலை ஒன்பதரை.
ஐஸ் கம்பெனியில் பில் புத்தகமும் நானும்.
சரிவுப் பலகையில் வழுக்கி வருகிறது ஒரு பார்,
ஐம்பது கிலோ, நடுவில் வெள்ளை நரம்பு.
இருசப்பன் கொக்கி போட்டு இழுத்து
அரவையின் வாயில் தள்ளுகிறான்.
அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சியின் அழைப்பு.

ஆஸ்டினில் அவளுக்கு ராத்திரி பத்து.
"அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுடி" என்கிறாள்,
எப்படி இருக்கே என்றுகூட இல்லை.
"நேத்துலேர்ந்து இங்கயும் அதே சத்தம்தான்.
கிளை ஒடியுது. ஒவ்வொண்ணா. ராத்திரி பூரா."

மழைதான் பெய்ததாம், சாதாரண மழை,
விழுந்த இடத்திலேயே கண்ணாடி ஆகிவிட்டதாம்.
இலைக்கு இலை உறை, கம்பிக்குக் கம்பி உறை.
வாசற்படியில் கால் வைத்த அவள் கணவர்
தெருவில் போய்த்தான் நின்றாராம், உட்கார்ந்தபடி.
கரண்ட் போய் இருபது மணி நேரம்.
"நம்ம ஊரு மாதிரிதாண்டி இதுவும், வெயில் ஊரு.
யாருக்கும் ஒண்ணும் தெரியல.
செல்லுல ஒம்பது பர்சென்ட். சீக்கிரம் சொல்லு,
தானே அப்போ நாம என்னா பண்ணோம்?"

என்ன பண்ணோம்.
வண்டிப்பாளையத்தில் ஒரு சுவருக்கு
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.
காற்று நின்றபோது சுவர் இல்லை.
பதினெட்டு நாள் இருட்டு.
வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாய் வந்து
அரை மணி நேரம் மோட்டார் ஓட்டும்.
செல் சார்ஜுக்குப் பத்து ரூபாய்.
விழுந்த முருங்கையை ஊரே தின்று தீர்த்தது.
ஐஸ் மட்டும் எங்கும் இல்லை.
இதே கம்பெனியில் தொட்டி முழுக்க வெதுவெதுத் தண்ணீர்,
பெட்டிச் சங்கராவைக் குழிவெட்டிப் புதைத்தோம்.

இதில் எதை எடுத்து அவளுக்குக் கொடுப்பது?
குடத்துல தண்ணி பிடிச்சு வை என்றேன்.
"குழாயே வெடிச்சு கெடக்கு."
அக்கம்பக்கத்துல ஒண்ணாப் படுங்க.
"பக்கத்து வீட்டுக்காரர் பேரே தெரியாது."
ஃபிரிட்ஜுல இருக்கிறத மொதல்ல சமைச்சுடு,
சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு. அவளுக்கும்.
"அதுக்குள்ளதாண்டி கொஞ்சம் சூடா இருக்கு."
ஏழு பர்சென்ட்.

இருசப்பன் அரவையை நிறுத்தியிருந்தான்.
வண்டிக்குக் காத்திருந்த பார்களின் மேல்
உமியைக் கொட்டிச் சாக்கைப் போர்த்தியபடி
யாருக்கு என்றில்லாமல் சொன்னான்:
"இதையே போத்திக்கச் சொல்லு.
சாக்குக்கு சூடு எது குளிரு எதுன்னு தெரியாது.
உள்ள இருக்கிறத வெளிய விடாது, அவ்ளோதான்."

எனக்கு வேகம் வந்துவிட்டது.
இருக்கிறதுலயே சின்ன ரூமுக்குப் போ.
கதவிடுக்குல துண்டைச் சொருவு.
ஜன்னலுக்கு ஜமுக்காளம். கரி மட்டும் உள்ளே கொளுத்தாதே.
அலமாரியில இருக்கிற புடவை அத்தனையும்.
"பட்டுமா?"
பட்டும்தான். எதுக்கு வெச்சிருக்கே அதை?
அப்புறம் போய் அந்த ஆள் கதவைத் தட்டு.

பதில் இல்லை. மூச்சு மட்டும்.
பிறகு அதுவும் இல்லை.

அன்று நூற்றுப் பன்னிரண்டு பார் போட்டேன்,
இரண்டு பில்லில் தேதி தப்பு.
உள்ளங்கையை ஒரு பாரின் மேல் வைத்து
எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு குரல் செய்தி, பதினாலு நொடி.
பேச்சே இல்லை. சொட்டுச் சத்தம்,
கூரையிலிருந்தோ கிளையிலிருந்தோ.
எங்கள் தரையிலும் அதே சொட்டு. இருசப்பன்
எந்த போன்லேர்ந்து வருது என்று தேடினான்.
கடைசி நொடியில் யாரோ தும்முகிறார்கள், கனமாக,
அதற்கு அவள் என்னவோ இங்கிலீஷில் சொல்கிறாள்.

அது அவள் கணவர் தும்மல் இல்லை.
அந்த வீட்டுத் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும்.
பதினெட்டு நாள்.