நாலு மில்லி ஆம்பியர்

இறால் கிடங்கின் மூன்றாம் அறை
மைனஸ் பதினெட்டில் நிற்க மாட்டேன் என்கிறது.
காசிமேட்டில் இரவு இரண்டரை.
பேனல் கேட்பது வால்வில் அறுபது சதவீதம்;
குழாயில் கை வைத்தால்
பனி பிடிக்காத வெறும் இரும்பு.

ஏணியில் ஏறுகிறேன், வாயில் டார்ச்.
உப்புக்காற்று ஆக்சுவேட்டர் மூடியைத் தின்று
திருகுகளை மட்டும் துப்பியிருக்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் புரியாத கணக்கு:
மூடு என்றால் நாலு மில்லி ஆம்பியர்,
முழுசாகத் திற என்றால் இருபது.
ஏன், பூஜ்யத்துக்கு என்ன கேடு?

பிறகொரு ராத்திரி பிடிபட்டது.
பூஜ்யம், அறுந்துபோன வயருக்கு ஒதுக்கிய எண்.
மூடிக் கிடக்கும்போதும்
நாலு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்றைக்கு மீட்டரில் பூஜ்யம்.
எலி.
பல் பட்ட இடத்தைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுகிறேன்.
கீழேயிருந்து வாட்ச்மேன் சாதிக்:
"இறங்குதா ஜெசிந்தா?"
தண்டு முனகித் திரும்புகிறது.
குழாய் வெளுக்க ஆரம்பிக்கிறது.
இறங்குது பாய்.

வெளியே விசைப்படகுகள் டீசல் புகையோடு கரைக்கு வருகின்றன.
ஒன்று கஸ்பார் அண்ணனுடையது.
இஞ்சின் பங்குப் பணத்தில் மூண்டது,
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
ஏலக்கூடத்தில் எதிர்ப்பட்டால்
என்னை விட்டு ஐஸ் பெட்டியைப் பார்ப்பான்.

போன வாரம் ரேஷன் கடை மிஷினில்
சும்மா விரலை வைத்துப் பார்த்தேன்.
அவன் கார்டில் என் பெயர் அப்படியே இருக்கிறது.
நீக்க ஒரு மனு போதும்.
போடவில்லை.

பாமாயில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.