ஒன்பது, ஆறு

தொப்புள்கொடியை வெட்டும்போதே
எடுத்துவைத்த ரத்தமாம்.
முடிவு வர நாலு நாள்.

மங்கையர்க்கரசி: ஒன்பது.
பேபி ஆஃப் மங்கையர்க்: ஆறு.
லேபிளில் அவ்வளவுதான் இடம்.
முப்பதாவது இருக்க வேண்டுமாம் இருவருக்கும்.

டாக்டர் இஹ்சான் தாளை என் பக்கம் திருப்பி
பேனா மூடியால் இரண்டு எண்ணையும் தொட்டார்.
அரபியில் சொன்னதை
நர்ஸ் ஷைனி மலையாளத்தில் சொன்னாள்.
என்னிடம் வந்து சேர்ந்தபோது
அது இப்படி இருந்தது:
உன்னிடம் உள்ளதில்தானே அவள் எடுக்க முடியும்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
வெயில் போதவில்லை என்கிறார்கள்.
சிரித்துவிட்டேன், தையல் இழுத்தது.

அபு ஷகாராவில் மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு எதிரே
அடுத்த கட்டிடத்தின் ஏசி பெட்டிகள்
வரிசையாய் மூக்கொழுகிக்கொண்டிருக்கும்.
இரண்டேகாலுக்கு எங்கிருந்தோ
ஒரு கண்ணாடியில் பட்டுத் தெறித்து
கட்டில் ஓரம் ஒரு முழம் வெளிச்சம் விழும்.
அதில் அவளைக் கிடத்திவைத்தேன் ஒரு வாரம்,
திருடிய சாமானைக் காயவைப்பதுபோல.

கண்ணாடி வழியாக வந்தால்
அது வெளிச்சம் மட்டும்தான் சேச்சி,
என்றாள் ஷைனி போனில்.

இவர் சர்வேயர்.
பாலைவனத்தில் முக்காலி நட்டு
நாளெல்லாம் வெயிலில் நிற்கிற மனிதர்.
வீட்டுக்கு மணல் கொண்டுவருகிறீர்கள்,
அதைக் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதா என்று
சண்டைகூடப் போட்டேன்.
கம்பெனி மெடிக்கலில் அவருக்கும் பார்த்தார்கள்.
பதினொன்று.
தலைத்துணி, முழுக்கைச் சட்டை, கையுறை,
கண் மட்டும் வெளியே.
"உன்னைவிட ரெண்டு கூட" என்றார்,
இன்கிரிமென்ட் வந்த குரலில்.

மாடிச் சாவி காவலாளி குல் ஜமானிடம்.
மேலே தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா,
பெண்களுக்கு அனுமதி இல்லை.
நவம்பரில் ஒருநாள்
தாளை அவரிடம் காட்டினேன்.
எழுத்து தெரியாது அவருக்கு, எண் தெரியும்.
ஆறைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.
சாவியைப் படியில் வைத்துவிட்டு
மோட்டார் பார்க்கப் போனார்.

பத்தரை மணி.
புறாக்கள் தொட்டி மேல்.
முழங்கைக்கு மேல் சுருட்டினேன்;
யாருடைய கை இது, இத்தனை வெளுப்பாய்?
அவள் சட்டையைக் கழற்றினேன்.
முகத்தைச் சுளித்தாள்,
கால்களை உதைத்தாள்,
பிறகு சூரியனைப் பார்த்து
ஒரு தும்மல்.

பத்து நிமிடம்.
சாவியை இருந்த இடத்தில் வைத்தேன்.
கீழே வந்து
நாக்கில் ஒரு சொட்டு விட்டேன்,
டாக்டர் சொன்னபடி,
எதற்கும் இருக்கட்டும் என்று.