கடைசிக் கம்பம்

திங்கள் இரவு பதுளையில்.
புதன் விடியலில் எங்கள் கொலக்கம்பையில்.
அடுத்த செவ்வாய் சலாலாவில்.
எங்கள் வீட்டு விலாசங்களை
யாரோ எழுதிக் கொடுத்தனுப்பியதுபோல
வந்தது காற்று.

அதற்கொரு பெயரும் உண்டு.
வைத்த நாட்டில் அது ஏதோ பூவின் பெயராம்,
ரேடியோவில் சொன்னார்கள்.
போஜன் அண்ணன் காதில் வாங்காமல்
ரப்பர் கையுறையை உதறிக்கொண்டிருந்தார்.
உள்ளே ஒரு தவளை இருந்தது.

மலைக்காற்று எங்களுக்குப் புதிதில்லை.
ஆடியில் தகரத்தைத் தட்டும்,
கதவைத் தள்ளிவிட்டுக் காணாமல் போகும்.
இது போகவில்லை.
ஒரே இடத்தில் நின்று ஒரே சொல்லை
நாலு மணி நேரம் சொன்னது.
பிறகு கற்பூர மரங்கள் விழத் தொடங்கின.
வேர் அறுவது முதலில் கேட்கும்,
எண்ணி மூன்றாவது நொடியில் மரம்.
மூன்றாவது நொடி வராமல் போன ஒரு மரத்துக்காக
விடியும்வரை காத்திருந்தோம்.
ஆறாம் நம்பர் வீட்டின்மேல் சாய்ந்தபடி
அது இன்னும் நிற்கிறது.

வெளிச்சம் வந்ததும் எண்ணினோம்.
எங்கள் பிரிவில் மட்டும் நூற்றுப் பதினான்கு கம்பம்.
தேயிலைமேல் மல்லாந்து கிடந்த மின்மாற்றி,
எண்ணெய் கசிந்து கொழுந்தெல்லாம் மினுமினுப்பு.
குன்னூர்ச் சாலை இருக்க வேண்டிய இடத்தில்
செம்மண்ணும் ஒரு காட்டெருமையும்.
எங்களைவிட அதுதான் குழம்பி நின்றது.

தவமலர் அக்காவுக்கு அடித்தேன்.
பசறையில் அவள் லயத்துக்கு மேலே
எப்போதும் ஒரு மலை இருந்தது,
அது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
சிங்களத்தில் ஒரு பெண், தமிழில் ஒரு பெண்,
ஆங்கிலத்தில் ஒரு பெண்.
மூவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.
மரியாதையாக.

அப்பாவுக்கு அந்தக் கடலைத் தாண்டப்
பதினோரு வருடம் ஆனது.
விண்ணப்பம், முத்திரை, தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம்.
அதற்குள் அக்கா கல்யாணமாகி
வேறொரு தாளுக்குப் போயிருந்தாள்,
தங்கிவிட்டாள்.
காற்றுக்கு ஒன்றரை நாள்.

ஏழாம் நாள், கம்பத்து உச்சியில்
இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தபோது
தம்பியின் குரல் வந்தது.
"அண்ணே, துறைமுகத்த மூடிட்டாங்க.
கிரேனையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கு,
நாய் மாதிரி.
பாலைவனத்துல ஆறு ஓடுது, நம்புவியா?
ஒரே ரூம்ல பதினெட்டுப் பேரு கெடக்கோம்.
பெங்காலி ஒருத்தன் அழுறான்,
போன வருஷம் அவன் ஊர்ல இதே மாதிரியாம்."
அவன் முடித்த பிறகும் பதிவு ஓடியது.
பின்னால் அது பேசிக்கொண்டிருந்தது,
எனக்குத் தெரிந்த அதே சொல்,
கொஞ்சம் மணல் படிந்த தொண்டையோடு.
இரண்டாம் முறை கேட்பதற்குள்
கீழிருந்து போஜன் அண்ணன் கத்தினார்:
"மேல என்னய்யா பேச்சு, கயித்த இறக்கு!"

பதினோராம் நாள் அக்கா பேசினாள்,
யாரோ ஒரு சிப்பாயின் போனில்.
மலை இருக்கிறதாம்.
வேறு இடத்தில் இருக்கிறதாம்.
கீழ் லயத்தில் பதினேழு பேரை இன்னும் எடுக்கவில்லை.
பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
இரண்டு பேரோடு நான் மூன்றாம் வகுப்புப் படித்தவன்,
ஒருவன் என் சிலேட்டை உடைத்தவன்.
பிறகு கேட்டாள்:
"நீ வயர்மேன்தானே,
ஒங்க பக்கம் கரண்ட் வந்துருச்சா?"

டவுனுக்கு வந்துவிட்டது.
ஆஸ்பத்திரிக்கு, தொழிற்சாலைக்கு, ஓட்டல்களுக்கு,
மேட்டு பங்களாவின் வெந்நீர்க் குழாய்க்குக்கூட.
எல்லாம் நான் இழுத்துக் கொடுத்த கம்பி.
எங்கள் லயன் கடைசிக் கம்பம்.
ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது,
இதுவரை அதற்கு முதலில் வந்ததேயில்லை.

"வந்துருச்சு அக்கா" என்றேன்.
மெழுகுவர்த்தியை,
சத்தம் கேட்டுவிடாதபடி,
சற்றுத் தள்ளி வைத்தேன்.